பாஷா குடிக்காத காப்பி

ஜூலை 2, புதன்

இன்றும் துணியை நடையிலேயே காயப்போட்டேன். சாயங்காலம் அண்ணன் ஷிப்லி அலுவலகத்திலிருந்து வந்தார். அவருடைய ஈர உள்ளாடையே அவர் முகத்தில் அறைந்தது. "மூணு வருஷமா என் வீட்டுலயே நான் குனிஞ்சு குனிஞ்சு நடக்கறேன்" என்றார். மொட்டைமாடியில் வெயில் கொளுத்துகிறது, கயிறு சும்மா கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். அவர் மகள் லுஜைன் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இது புது நோட்டு. பழையது தீர்ந்துவிட்டது. புது நோட்டுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மறுபடி கேட்கக்கூடாது.

நான் ருதைனா. வயது நாற்பத்து நான்கு. ஸல்ட் நகரத்தில் பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அண்ணி காலமானபோது லுஜைனுக்கு ஐந்து வயது, அவளை வளர்க்கிறேன் என்று இந்த வீட்டுக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். மூன்று வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மாடியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மேல்தெருவில் ஒரு கல்யாணம். சந்தோஷம் தாங்காமல் நாற்பது பேர் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆனது.

தோட்டா இன்னும் இடுப்பெலும்பில்தான் இருக்கிறது. எடுத்தால் கால் போனாலும் போகலாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். நான் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளியை மூன்று நாள் எதற்கு வந்தாய் என்று கேட்கக்கூடாது. இவனுக்கு மூன்று வருடமாகிறது, யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மாடி ஏறியதில்லை. கல்யாணத்துக்கும் போனதில்லை. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் குளியலறைக்கு ஓடிப்போய்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொள்வேன். அதற்கு மேல் இரண்டு அடுக்குக் கான்கிரீட் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

சுரைப்பிஞ்சைக் குடைந்துகொண்டிருந்தேன். லுஜைன் எதிரில் வந்து உட்கார்ந்து, "அத்தை, மொதல்ல கத்தியக் கீழ வைங்க" என்றாள்.

பையன் பெயர் மிக்தாத். மின்சார இலாகாவில் பொறியாளர். இவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு எட்டு மாதமாக வந்து தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறான். ஒரு நாளும் தலை வலித்ததில்லையாம். எனக்குப் பையனைப் பார்க்காமலே பிடித்துவிட்டது. எந்த வீடு என்று கேட்டேன்.

மேல்தெரு. அந்தக் கல்யாணம் நடந்த அதே வீடு.

சிரித்தேன். அடக்க முடியவில்லை. என் விருந்தாளியின் பிறந்த வீட்டிலேயே எங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை. லுஜைன் சிரிக்கவில்லை. "நீங்க வேண்டாம்னா வேண்டாம் அத்தை" என்றாள். நான் ஏன் வேண்டாம் என்கப்போகிறேன்? அன்றைக்கு அவன் படிப்புக்காக வெளியூரில் இருந்திருக்கிறான். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அந்த வீட்டுக் கல்யாணம் என்றால் துப்பாக்கி உண்டு. நான் வளர்த்த பெண் மணக்கோலத்தில் வாசல் தாண்டும்போது நான் குளியலறைத் தொட்டியில் இருப்பேன். சொல்லிவிட்டேன். அப்படியானால் மணப்பெண் உடுப்போடு தானும் தொட்டிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். அந்தப் பாவாடை இந்தக் கதவில் நுழையாது என்றேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அன்றைக்கு ஒரு தோட்டாவும் கூடாது. அவளை நான் நின்றுகொண்டு வழியனுப்பணும்.

ஜூலை 7, திங்கள்

தலைநகர் அம்மானில் துணிக்கடை வளாக வாசலில் காவலாளியின் கருவி என் இடுப்பில் கீச்சிட்டது. பையைத் திறந்து பார்த்தான், வளையலைக் கழற்றச் சொன்னான், மறுபடி கீச். "உள்ள இருக்கு தம்பி, நீயே எடுத்துத் தந்தா புண்ணியமாப் போகும்" என்றேன். லுஜைன் என்னைத் தெரியாதவள்போல் முன்னால் நடந்தாள்.

ஜூலை 11, வெள்ளி

பெண் கேட்க வரும் பெரியவர்களின் கூட்டத்துக்கு எங்கள் ஊரில் ஜாஹா என்று பெயர். எல்லாம் உள்ளுக்குள் முன்பே பேசி முடிந்திருக்கும். இருந்தாலும் நாற்பது பேர் வந்து உட்கார வேண்டும். வந்தவர்களின் தலைவருக்கு முதல் காப்பி. அவர் அதைக் குடிக்காமல் எதிரில் வைத்துவிடுவார். வந்த காரியத்தைச் சொல்வார். பெண் வீட்டுப் பெரியவர் "குடியுங்கள், கேட்டதைத் தந்தோம்" என்றபிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். அடுத்த வெள்ளி வருகிறார்கள். தலைவர் மேல்தெருவின் ஃபவ்வாஸ் பாஷா. ராணுவத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், அதனால்தான் பாஷா. மீசைக்கே தனியாக ஒரு சல்யூட் வைக்கலாம்.

இதே பாஷா மூன்று வருடம் முன்பும் வந்தார். அப்போது என் விஷயமாக. நான் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தேன். இங்கே கூடத்தில் அவர் கோப்பையை எதிரில் வைத்து, விதி, தெரியாமல் நடந்தது, மன்னிக்க வேண்டும் என்றிருக்கிறார். அண்ணன் உடனே, குடியுங்கள், வந்த முகங்களுக்காக மன்னித்தோம் என்றிருக்கிறார். இனி மேல்தெருவில் ஒருவரும் சுடமாட்டார்கள் என்று பாஷா வாக்குக் கொடுத்தாராம். பதினாறு நாள் கழித்து ஒருவர் ஹஜ்ஜிலிருந்து திரும்பினார் என்று சுட்டார்கள்.

என்னைக் கேட்டாங்களா? ஒருத்தராவது வந்து, ருதைனா, நீ மன்னிக்கறியான்னு கேட்டாங்களா? அண்ணன் இடுப்புலயா பட்டுச்சு?

சரி. எழுதி ஆறிவிட்டது.

இந்தத் தடவை அண்ணனுக்கு ஒத்திகை வைத்தேன். புருவ மையால் மீசை வரைந்துகொண்டு நான் பாஷாவாக உட்கார்ந்தேன். அண்ணன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "கல்யாணத்தில் ஒரு தோட்டாவும் வெடிக்கக்கூடாது, சம்மதமென்றால் குடியுங்கள்." பத்து தடவையில் நான்கு தடவை சரியாகச் சொன்னார். மற்ற ஆறில் நேராகக் 'குடியுங்கள்' என்பதற்குத் தாவிவிட்டார். நகராட்சியில் முப்பது வருடம் 'சரி ஐயா' சொல்லிப் பழகிய வாய்.

ஜூலை 17, வியாழன்

அண்ணனை நம்பி நான் இருந்தால் நான் ஒரு மக்கு. மாற்றுவழி தயார்.

சமையலறை அலமாரியில் ஒரு கத்தரிக்காய் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. உள்ளே ஊறுகாய் இல்லை, தோட்டாக்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, பூந்தொட்டியில் புதைந்தது, பக்கத்து வீட்டார் கொண்டுவந்து தந்தது என்று முப்பத்தொன்று. அவற்றில் ஒன்று, என்னைச் சாய்த்த அதே நாளில் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்து உள்ளே விழுந்தது. அதை எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று தடவை கொதிக்கவைத்தேன். ஈயத்தின் மேல் செம்பு உறை உடையாமல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பாஷாவைக் கொல்லும் எண்ணம் எனக்கில்லை.

பக்கத்து வீட்டு இன்ஷிராஹ் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு வருடம் முன்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளில், அவள் மகன் ரஃபத் பால்கனியில் நின்றபடி மார்க் சீட்டைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வேறு யாரோ பாஸானதற்குச் சுட்ட தோட்டா. என்னோடு இந்த விஷயத்தில் சிரிக்க அவள் ஒருத்திக்குத்தான் உரிமை.

"என்னடி சமைக்கிற?" என்றாள். சொன்னேன். "உப்பு பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

காப்பி ஊற்ற வருவது அபூ சத்தாம். ஊரில் எந்த ஜாஹாவுக்கும் அவர்தான், கண் மங்கல். இடது கையில் மூக்கு நீண்ட கெண்டி, வலது கையில் அடுக்கிய கோப்பைகள். மேலே இருக்கும் கோப்பைதான் தலைவருக்கு. அந்தக் கோப்பையின் அடியில் பேரீச்சம்பழக் கூழால் தோட்டாவை ஒட்டுவேன். சூடான காப்பியில் கூழ் இரண்டு நிமிடத்தில் இளகும், ஒத்திகை பார்த்துவிட்டேன். எங்கள் ஆண்கள் இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்ததாகச் சரித்திரமே இல்லை.

ஜூலை 19, சனி

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது. 

நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். நடையிலிருந்த துணியை எல்லாம் சுருட்டி என் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். பெண்கள் சமையலறை வாசல் திரைக்குப் பின்னால். அபூ சத்தாம் மேலிருந்த கோப்பையை எடுத்தார், கெண்டியைத் தூக்கி ஊற்றினார், பாஷாவிடம் நீட்டினார். பாஷா அதைப் பார்க்கக்கூட இல்லை. குடிக்கப்போவதில்லையே, எதற்குப் பார்ப்பார்? எதிரில் வைத்தார். எழுந்து பேசினார். பதினான்கு நிமிடம்.

அண்ணன் எழுந்தார். இறைவனைப் புகழ்ந்தார், வந்தவர்களைப் புகழ்ந்தார், பாஷாவின் தகப்பனாரைப் புகழ்ந்தார். நெற்றியில் வியர்வை. இதோ சொல்லப்போகிறார், சொல்லப்போகிறார் என்று திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "குடிங்க பாஷா, பொண்ணு உங்க பொண்ணு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அடப் பாவி அண்ணா.

பாஷா கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார். டிங் என்றது, பல்லா, கோப்பையா தெரியவில்லை. இரண்டு விரலை விட்டு எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா நவ்வாஷ். மேல்தெருவில் முதல் தோட்டா எப்போதும் அவனுடையதுதான். எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில், "கலாஷ்னிகோவ்" என்றான். அப்புறம்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்தது.

பாஷா நிதானமாகக் கேட்டார்: "ஷிப்லி, உங்க வீட்டுல காப்பிக்கு ஏலக்காய்தானே போடுவீங்க?"

 நான் திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். ஜாஹா நடக்கிற கூடத்தில் பெண்பிள்ளை காலெடுத்து வைத்ததை நான் கேள்விப்பட்டதில்லை. நொண்டிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தேன். ஒவ்வொருவரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"அது உங்க தெருவோடது பாஷா. மூணு வருஷம் முன்னாடி உங்க கல்யாணத்தன்னைக்கு எங்க தண்ணித் தொட்டியில விழுந்தது. கூட வந்த இன்னொண்ணு இங்க இருக்கு" என்று இடுப்பைத் தட்டினேன். "அதத் திருப்பித் தர முடியல, நீங்க மன்னிக்கணும்."

"அன்னைக்கு இதே கூடத்துல நாங்க மன்னிப்புக் கேட்டோமே, தங்கச்சி. உங்க அண்ணன் குடுத்தாரே."

"அவர் இடுப்புல ஒண்ணும் இல்லையே பாஷா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையன்தான். அவன் அப்பா முழங்கையால் குத்தினார்.

அப்போதுதான் வேடிக்கை. பின்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் என்றார். பாஷா காப்பியைக் குடித்தாரா, குடிக்கவில்லையா? குடித்திருந்தால் பெண் கொடுத்தாயிற்று. குடிக்கவில்லையென்றால் பேச்சு இன்னும் முடியவில்லை. உதட்டில் பட்டாலே குடித்த மாதிரி என்றார் ஒருவர். தொண்டையில் இறங்கினால்தான் கணக்கு என்றார் இன்னொருவர். மீசையில் ஒட்டியது எதில் சேர்த்தி என்று மூன்றாமவர். தோட்டா பக்கத்தில் கிடக்க, காப்பியை வைத்துக் கால் மணிநேரம் வாதாடினார்கள். கடைசியில் அபூ சத்தாமைக் கேட்டார்கள். நாற்பது வருட அனுபவம். கோப்பையில் காப்பியைத் தவிர வேறொன்று இருந்தால் அது காப்பியே அல்ல, ஆகையால் பாஷா குடிக்கவில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

பாஷா கோப்பையை மறுபடி எதிரில் வைத்தார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கல்யாணத்தில் ஒரு தோட்டாவும் வெடிக்கக்கூடாது என்றேன். வாக்குத் தருகிறேன் என்றார்.

"வாக்கு வேண்டாம் பாஷா. போன தடவை குடுத்ததே பிரிக்காம அப்படியே இருக்கு."

முகம் சிவந்தது அவருக்கு. வேறென்னதான் வேண்டும் என்றார். நான் இதற்காகவே பதினைந்து நாள் யோசித்து வைத்திருந்தேன். பெண்ணை அழைத்துப்போக அவர்கள் வரும் அந்தப் பிற்பகல், மேல்தெருவின் மனைவிமார், தங்கைமார், பிள்ளைகள் எல்லாரும் எங்கள் மொட்டைமாடியில் உட்கார வேண்டும். பந்தல் கிடையாது. தலைக்குமேல் வானம். கீழே தெருவில் ஆண்கள் எப்படி வேண்டுமானாலும் சந்தோஷப்படட்டும். "மேல போறது கீழ வரும். அது என் பாடம்கூட இல்ல, பக்கத்து கிளாஸ் பாடம்" என்றேன்.

நவ்வாஷ் எழுந்துவிட்டான். "எங்க வீட்டுப் பொம்பளைங்கள மொட்டைமாடியில நிறுத்தறதா?"

"ஏன், நான் நிக்கலயா?"

அவன் உட்கார்ந்தான். பாஷா மீசையைத் தடவினார்.  பிறகு சரி என்றார். "ஆனா ஒண்ணு தங்கச்சி. எங்க பிள்ளைங்க கூட நீங்களும் அங்க நிக்கணும்."

இது என் திட்டத்தில் இல்லை. பத்தொன்பது படி. மூன்று வருடம். நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தார், அவருக்குத் தெரியும். சரி என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ.

புதுக் கோப்பை வந்தது. பாஷா வெளிச்சத்தில் சாய்த்து அடிவரை பார்த்துவிட்டுக் குடித்தார். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

எந்தக் கழுதை என்னைப் பேசச் சொன்னது.

ஜூலை 24, வியாழன்

ஏழு படி.

லுஜைன் கீழே நின்று எண்ணினாள். எட்டாவதில் கால் வைத்தேன். எங்கிருந்தோ யாரோ கதவை அறைந்து சாத்தின சத்தம். இறங்கிவிட்டேன். உட்கார்ந்தபடியேதான் இறங்கினேன், நாற்பத்து நாலு வயதில், டீச்சர். இதையும் எழுதியாகிவிட்டது.

ஜூலை 30, புதன்

பதினொன்று. பன்னிரண்டாவது படியில் இன்ஷிராஹ் மரமிய்யா இலை போட்ட தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். வந்தால்தான் தேநீர் என்றாள். போகவில்லை. நான் பார்க்கப் பார்க்க அவளே இரண்டு கோப்பையையும் குடித்தாள். பிசாசு.

ஆகஸ்ட் 7, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். இந்த மலையில் ஒருவன் சுட்டால் எதிர்மலையில் இருப்பவன் பதில் சொல்கிறான். குளியலறைத் தொட்டியில் நான் ஒரு பக்கம், இன்ஷிராஹ் ஒரு பக்கம், நடுவில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். வருடா வருடம் இந்த நாளில் அவள் இங்கே வந்துவிடுவாள். என் மாணவிகள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் பாஸ். டீச்சர் குரல் ஏன் எதிரொலிக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். விஞ்ஞானக் காரணம் என்று சொல்லி வைத்தேன்.

மேல்தெருப் பக்கமிருந்தும் சத்தம் வந்தது. நன்றாகவே வந்தது. பாஷாவின் சம்மதம் கல்யாணத்துக்கு மட்டும்தானாமே.

இன்ஷிராஹ் விதையைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ரஃபத் எவ்வளவு வாங்கினான் தெரியுமா? எண்பத்தொம்பது புள்ளி ரெண்டு. வீட்டுல நீ சொல்லிக் குடுத்த கெமிஸ்ட்ரியிலதான்டி கொறைஞ்சுது."

தொண்ணூறு வாங்கியிருக்க வேண்டியவன், வினாத்தாளைச் சரியாகப் படிக்க மாட்டான், எத்தனை தடவை சொன்னேன் என்றேன். சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். அப்புறம் நானும். வெளியே பகல் முழுக்கச் சந்தோஷம் வெடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என்னால் முடியாது என்று லுஜைனிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். "சரி அத்தை. நானே பாஷாகிட்ட சொல்லிடறேன், நீங்க கீழ இருங்க" என்றாள். அவ்வளவுதான். அவ்வளவு மெதுவாக.

அந்த மெதுவான குரல்தான் தாங்கவில்லை. என்னைக் கிழவி ஆக்கிவிட்டாளே. பாஷாவிடம் போகக்கூடாது என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பதினெட்டு. கதவின் தாழ்ப்பாள் கைக்கு எட்டியது. துருப் பிடித்திருக்கிறது. எண்ணெய் போட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி காலை

வீடு முழுக்க ரிப்பன், காகிதத் தட்டு, ஒற்றைச் செருப்பு. அண்ணன் சோபாவில் கோட்டோடு தூங்குகிறார். எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் பெருக்குவேன்.

நேற்றுக் கல்யாணத்துக்கு மேல்தெருப் பெண்கள் மூன்று மணிக்கே வந்தார்கள், பிள்ளைகளோடு முப்பது பேர் இருக்கும். நவ்வாஷின் மனைவி கௌலா தங்க நிறத்தில் குதிகால் செருப்பு போட்டு, இந்த வெயிலில் உட்காரவைத்த மகராசி யார் என்று கேட்டுக்கொண்டே படியேறினாள். நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் மாட்டி விட்டீங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா சரியாச் சாப்பிடல" என்றாள்.

பதினெட்டாவது படியில் நின்றுவிட்டேன்.  மேலே எல்லாரும் நாற்காலி இழுக்கிற சத்தம். இன்ஷிராஹ் என் இடது கையைப் பிடித்தாள். ஒன்றும் தெரியாத கௌலா, செருப்போடு தடுமாறி, என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விழாமல் இருக்க நான் ஏற வேண்டியதாயிற்று.

மாடி சின்னதாகிவிட்டது. மூன்று வருடமாக என் மனதில் அது ஒரு மைதானம் அளவு இருந்தது. கயிறு அப்படியே. ஒரு கிளிப் கூட இருந்தது, வெயிலில் வெளுத்து.

நாலரைக்கு ஹாரன் சத்தத்தோடு கார்கள் வந்தன. பிள்ளைகள் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள். நான் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றேன், முதுகு சுவரில். கீழே நவ்வாஷ் முதல் காரிலிருந்து இறங்கினான். கூட்டம் கைதட்டியது. அவன் வலது கை தானாக இடுப்புக்குப் போனது.

கௌலா எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "நவ்வாஷ், நான் இங்க இருக்கேன். மூணு பிள்ளைங்களும் இருக்கு. எண்ணிக்க."

தெரு மொத்தமும் மேலே பார்த்தது. அவன் கை இடுப்பிலேயே நின்றது.  பிறகு கையை வெறுமையாக வெளியே எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பாதியில் தூக்கி வைத்திருந்தான். கடைசியில் பிள்ளைகளைப் பார்த்து டாட்டா காட்டினான். மூன்று பிள்ளைகளும் டாட்டா காட்டின. ஆறடி உயரம், இவ்வளவு பெரிய மீசை, நடுத்தெருவில் டாட்டா. கீழே மத்தளம் தொடங்கியது, ஆண்கள் தோளோடு தோள் சேர்த்து ஆடினார்கள்.

நானும் இரண்டடி முன்னால் வந்தேன். லுஜைன் வாசலுக்கு வருவதைப் பார்க்க வேண்டுமே.

அப்போதுதான் அது வெடித்தது.

நான் தரையில். எப்படி விழுந்தேன் தெரியாது. கன்னத்தில் சூடான சிமெண்ட். கண்ணைத் திறந்தால் எதிரில் ஒரு தங்கச் செருப்பு. கௌலா என் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறாள், அவளுக்குக் கீழே ஒரு பிள்ளை. முப்பது பேரும் தரையில். இன்ஷிராஹ் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். யாருடைய குழந்தையோ ஒன்று அவள் பாவாடைக்குள் ஒளிந்திருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள், பிறகு தரையில் கிடந்த ரப்பர்த் துண்டைப் பார்த்தாள். "பலூன்" என்றாள்.

யாரும் எழவில்லை. கீழே மத்தளம் நின்றுபோயிருந்தது. மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். நவ்வாஷ். ஒரு காலில் செருப்பில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு ஆண் இப்படி வரக்கூடாது, யாரும் சொல்லவில்லை. "யாருக்கு? யாருக்குப் பட்டுச்சு?" என்றான். மனைவியைப் பார்த்தான். பிள்ளைகளை எண்ணினான். உண்மையாகவே விரலை நீட்டி எண்ணினான். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பலூனுக்குப் பட்டுச்சு" என்றாள் கௌலா. சிரிப்பு அவளிடமிருந்துதான் தொடங்கியது. பிறகு நிறுத்த முடியவில்லை யாருக்கும். கீழே எட்டிப் பார்த்து யாரோ பலூன், பலூன் என்று கத்த, மத்தளம் மறுபடி அடித்தது.

நவ்வாஷ் சிரிக்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "டீச்சர், அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டான்.

கயிறு கட்டிய மூன்றாவது கம்பத்தைக் காட்டினேன். அவன் எழுந்து போய் அங்கே நின்றான். அங்கிருந்து மேல்தெருவைப் பார்த்தான்; அவர்கள் வீட்டு முற்றம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தான். நான் ஏதாவது குத்தலாகச் சொல்ல நினைத்தேன், நாக்கு நுனியில் இரண்டு மூன்று இருந்தன. சொல்லவில்லை. மூன்று வருடத்தில் ஒருவர் என்னை அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

லுஜைன் வெளியே வந்தாள். வெள்ளைப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, காரில் ஏறாமல், அண்ணாந்து மாடியைத் தேடினாள். சுவருக்கு வந்து நின்றேன். கையசைத்தேன். அவள் மை எல்லாம் கன்னத்தில் வழிந்தது, அலங்காரக்காரிக்கு மூன்று மணிநேர உழைப்பு வீண். நின்றுகொண்டுதான் வழியனுப்பினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பாஷாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஒரு கிலோ காப்பிக்கொட்டை, மேலே கட்டியிருந்த அட்டையில்: ஏலக்காய் சேர்த்தது, வேறொன்றும் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அகபாவிலிருந்து லுஜைன் கூப்பிட்டாள். கடல், மீன், மிக்தாத்துக்கு நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது என்றெல்லாம் சொன்னாள். பிறகு, "என்ன அத்தை, ஒரே காத்துச் சத்தமா இருக்கு?" என்றாள்.

"துணி காயப்போடறேன்."

 லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்பாவுடையதா என்று கேட்டாள். ஆமாம், எல்லாம் உன் அப்பாவின் உள்ளாடைதான், மேல்தெரு வரைக்கும் தெரிகிறது என்றேன்.

அரை மணியில் காய்ந்துவிட்டது. மடித்துக் கீழே கொண்டுவந்தேன். நடையில் இப்போது கயிறே இல்லை, நேற்றே அவிழ்த்துவிட்டேன். அண்ணன் இன்னும் குனிந்துகொண்டேதான் போகிறார்.